ஏபிஎஸ் பிரேக்: 10 மில்லி விநாடியில் முடிவெடுக்கும் குட்டிக் கணினியை எப்படி நம்புவது?

சேலம் அம்மாபேட்டையில் காலை நேரத்தில் ரோட்டோரம் நின்று பார்த்தால் ஒரு விஷயம் புரியும். இந்தப் பகுதியின் நெசவுத் தொழில் பாதி இரு சக்கர வாகனத்தின் மேல்தான் ஓடுகிறது. நூல் மூட்டை, சுற்றிய பாவு, மடித்துக் கட்டிய சேலைக் கட்டு எல்லாம் எக்ஸ்எல் வண்டியிலும் 100 சிசி பைக்கிலும்தான் போகின்றன. அதே ரோட்டில் ஐடி வேலைக்கும் கல்லூரிக்கும் போகும் இளைஞர்களின் 150 சிசி, 200 சிசி பைக்குகளும் ஓடுகின்றன.

இந்த இரண்டு வகை வண்டிகளுக்கும் நடுவே சட்டமே ஒரு கோடு போட்டிருக்கிறது. 2019 ஏப்ரல் 1 முதல் 125 சிசிக்கு மேற்பட்ட இரு சக்கர வாகனங்களுக்கு ஏபிஎஸ் பிரேக் கட்டாயம். 125 சிசி வரை உள்ள வண்டிகளுக்கு சிபிஎஸ் இருந்தாலே போதும். அதாவது, ஒரு பிரேக்கைப் பிடித்தால் இரண்டு சக்கரத்திலும் பிரேக் விழும் எளிய இணைப்பு. சுமை தூக்கும் வண்டிக்கு எளிய பிரேக், வேகமாகப் போகும் வண்டிக்கு கணினி பிரேக் என்பதுதான் நிலைமை.

இந்தக் கோட்டை அழிக்க 2025 ஜூனில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் ஒரு வரைவு அறிவிக்கை வெளியிட்டது. 2026 ஜனவரி 1 முதல் தயாராகும் இரு சக்கர வாகனங்களுக்கு, சிசி எவ்வளவாக இருந்தாலும் ஏபிஎஸ் வேண்டும் என்றது அந்த வரைவு. மொபெட் போன்ற குறைந்த வேக வண்டிகளில் எவை இதற்குள் வரும் என்பதை வண்டியின் வகைப்பாடுதான் தீர்மானிக்கும். உடனே விவாதம் தொடங்கியது: வண்டி விலை எவ்வளவு ஏறும், இவ்வளவு கருவிகளை யார் தயாரிப்பது, எவ்வளவு அவகாசம் வேண்டும்?

விலை முக்கியம்தான். ஆனால் அந்தச் சத்தத்தில் இன்னொரு கேள்வி அமுங்கிப் போய்விட்டது. ஏபிஎஸ் என்பது பிரேக்குக்கும் சக்கரத்துக்கும் நடுவே உட்காரும் ஒரு கணினி. அது ஒவ்வொரு முறையும், ஒருமுறை கூடத் தவறாமல், சரியான நேரத்தில் முடிவெடுக்கும் என்று எதை வைத்து நம்புவது?

ஏபிஎஸ் உள்ளே என்ன நடக்கிறது?

ஈர ரோட்டில் பிரேக்கை இறுக்கிப் பிடித்தால் சக்கரம் சுற்றாமல் பூட்டிக்கொள்ளும். வண்டி மட்டும் வழுக்கிக்கொண்டே போகும். முன் சக்கரம் பூட்டிக்கொண்டால் ஹேண்டில்பார் நம் பேச்சைக் கேட்காது, அடுத்த நொடி தரையில் கிடப்போம்.

ஏபிஎஸ் இதைத்தான் தடுக்கிறது. சக்கரத்தோடு சேர்ந்து சுற்றும் பல் வளையத்தை ஒரு சென்சார் கவனித்துக்கொண்டே இருக்கும். சக்கரத்தின் வேகம் திடீரென்று அளவுக்கு மீறிக் குறைந்தால், "பூட்டிக்கொள்ளப் போகிறது" என்று கணினி கணிக்கும். உடனே வால்வைத் திறந்து பிரேக் அழுத்தத்தைக் குறைக்கும். சக்கரம் மறுபடி சுற்றத் தொடங்கியதும் அழுத்தத்தைக் கூட்டும். இந்த விட்டுப் பிடிக்கும் வேலை ஒரு விநாடிக்குள் பல முறை நடக்கும். மனிதக் கைக்கு இது முடியாது.

நேரக் கணக்கைப் பாருங்கள். மணிக்கு 60 கி.மீ. வேகம் என்றால் விநாடிக்கு 16.7 மீட்டர். 10 மில்லி விநாடி, அதாவது ஒரு விநாடியில் நூறில் ஒரு பங்கு தாமதமானால் வண்டி 17 செ.மீ. போயிருக்கும். 100 மில்லி விநாடி தாமதமானால் 1.7 மீட்டர். முன்னால் நிற்கும் லாரிக்கும் நமக்கும் இடையே இருப்பது சில சமயம் அவ்வளவுதான்.

இந்த மாதிரி, வேலையைச் சரியாகச் செய்தால் மட்டும் போதாது, குறித்த கெடுவுக்குள் செய்தே ஆக வேண்டும் என்ற நிலையில் இருக்கும் கணினிகளைத்தான் 'ரியல் டைம்' அமைப்புகள் என்கிறார்கள். தமிழில் நிகழ்நேரக் கணினி எனலாம். கார் ஏர்பேக், ஆஸ்பத்திரி வென்டிலேட்டர், ரயில் மோதல் தடுப்புக் கருவி எல்லாமே இந்த ரகம்தான்.

அப்படியென்றால் வேகமான சிப் போட்டால் போதாதா?

பலரும் செய்யும் தப்பு இதுதான். ரியல் டைம் என்றால் ரொம்ப வேகம் என்று நினைக்கிறார்கள். உண்மையில் அதன் பொருள் நேரம் தவறாமை.

நம் கையில் இருக்கும் போனில் உள்ள சிப், பைக் ஏபிஎஸ்ஸில் இருக்கும் சிப்பைவிடப் பல மடங்கு வேகமானது. ஆனாலும் போன் அவ்வப்போது அரை நொடி உறைந்து நிற்கும். ரீல்ஸ் ஒரு கணம் தடுமாறும். நமக்கு எரிச்சல் வரும், அவ்வளவுதான். பிரேக் அரை நொடி உறைந்தால் கதையே வேறு.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். இது புரிதலுக்காக எடுத்துக்கொண்ட எண்கள்தான், எந்தக் குறிப்பிட்ட வண்டியுடையதும் அல்ல. ஒரு கணினிக்கு மூன்று வேலைகள்:

- சக்கர வேகத்தைப் படிப்பது: 5 மில்லி விநாடிக்கு ஒருமுறை, ஒவ்வொரு முறைக்கும் 1 மில்லி விநாடி ஆகும்.
- வால்வை இயக்குவது: 10 மில்லி விநாடிக்கு ஒருமுறை, 2 மில்லி விநாடி ஆகும்.
- எல்லாம் ஒழுங்காக இருக்கிறதா என்ற சுயபரிசோதனை: 100 மில்லி விநாடிக்கு ஒருமுறை, 20 மில்லி விநாடி ஆகும்.

ஒவ்வொன்றும் சிப்பின் நேரத்தில் 20 சதவீதம் எடுக்கிறது. மொத்தம் 60 சதவீதம். மீதி 40 சதவீத நேரம் சிப் சும்மாதான் இருக்கிறது. தாராளமாகப் போதும் என்று தோன்றும்.

இப்போது, எடுத்த வேலையை முடித்துவிட்டுத்தான் அடுத்தது என்ற முறையில் சிப் ஓடுகிறது என்று வையுங்கள். சுயபரிசோதனை தொடங்கிவிட்டால் அடுத்த 20 மில்லி விநாடிக்கு வேறெதுவும் நடக்காது. அதற்குள் சக்கர வேகத்தைப் படிக்க வேண்டிய மூன்று கெடுக்கள் கடந்து போயிருக்கும். சரியாக அந்த நேரத்தில் ரைடர் பிரேக் பிடித்திருந்தால்?

சரி, இரண்டு மடங்கு வேகமான சிப் போடலாம். இப்போது சுயபரிசோதனை 10 மில்லி விநாடியில் முடியும். அப்போதும் ஒரு கெடு தவறும். காசு செலவழித்தும் ஓட்டை அடைபடவில்லை.

அதே பழைய சிப்பில், முறையை மட்டும் மாற்றிப் பாருங்கள். சக்கர வேகம் படிக்கும் நேரம் வந்தால், சுயபரிசோதனையைப் பாதியில் நிறுத்திவிட்டு அதைப் படி, பிறகு விட்ட இடத்திலிருந்து தொடர். இப்படிச் செய்தால் ஒரு கெடுவும் தவறாது. மூன்றும் ஒரே நேரத்தில் தொடங்கினாலும் சுயபரிசோதனை 35 மில்லி விநாடியில் முடிந்துவிடும். அதற்குக் கெடு 100 மில்லி விநாடி. யாருக்கும் நஷ்டமில்லை.

சிப் அதேதான், வேலையும் அதேதான். மாறியது வரிசை மட்டும். இந்த வரிசையைப் போடும் மென்பொருள் பகுதிக்கு 'ஷெட்யூலர்' என்று பெயர்.

வரிசையை எப்படி முடிவு செய்கிறார்கள்?

இதை அம்மாபேட்டைக்காரர்களுக்குத் தனியாக விளக்க வேண்டியதில்லை. ஒரே ஆள் நான்கு விசைத்தறி பார்ப்பது இங்கே சாதாரணம். ஒரு தறியில் தடித்த ஊடை ஓடும், அதில் தார் சீக்கிரம் தீரும். இன்னொன்றில் மெல்லிய நூல், நிதானமாகத் தீரும். இரண்டும் ஒரே நேரத்தில் கூப்பிட்டால் கை முதலில் எங்கே போக வேண்டும்? அடிக்கடி தார் தீரும் தறிக்கு. ஏனென்றால் அதன் அடுத்த கெடு பக்கத்திலேயே இருக்கிறது. மற்றது கொஞ்சம் பொறுக்கும்.

இதே யோசனையைக் கணிதமாக நிறுவியவர்கள் சி.எல்.லியு, ஜேம்ஸ் லேலண்ட் என்ற இரண்டு ஆய்வாளர்கள். 1973-ல் வெளியான அவர்களது கட்டுரை இந்தத் துறையின் அடித்தளம். அடிக்கடி வரும் வேலைக்கு அதிக முன்னுரிமை கொடு. மொத்த வேலைப்பளு சிப்பின் திறனில் சுமார் 69 சதவீதத்தைத் தாண்டாமல் இருந்தால், எத்தனை வேலைகள் இருந்தாலும் ஒரு கெடுவும் தவறாது என்று சில நிபந்தனைகளோடு நிரூபித்தார்கள்.

இங்கே கவனிக்க வேண்டியது 'நிரூபித்தார்கள்' என்ற சொல். "ஆயிரம் முறை ஓட்டிப் பார்த்தோம், நன்றாக இருந்தது" என்பது வேறு. "எந்தச் சூழலிலும் தவறாது" என்று கணக்குப் போட்டுக் காட்டுவது வேறு. அதற்கு ஒவ்வொரு வேலைக்கும் சராசரி நேரம் தெரிந்தால் போதாது. மிக மோசமான நிலையில் அதிகபட்சம் எவ்வளவு ஆகும் என்று தெரிய வேண்டும். விளம்பரத்தில் வருவது எப்போதும் சராசரி. உயிரைக் காப்பது அந்த அதிகபட்சக் கணக்கு.

முன்னுரிமை கொடுத்தும் தவறுமா?

தவறும். அதற்கு மிகப் பிரபலமான சாட்சி செவ்வாய் கிரகத்தில் இருக்கிறது.

1997 ஜூலை 4 அன்று நாசாவின் பாத்ஃபைண்டர் விண்கலம் செவ்வாயில் இறங்கியது. சில நாட்களில் அதன் கணினி திடீர் திடீரென்று தானாகவே ரீசெட் ஆகத் தொடங்கியது. ஒவ்வொரு முறையும் அன்றைய ஆய்வு வேலை தடைபட்டது.

நடந்ததைப் புரிந்துகொள்ள மறுபடி தறிக்கூடத்துக்கு வரலாம். ஒரே ஒரு ஸ்பேனர்தான் இருக்கிறது. அதை ஓர் உதவியாள் ஏதோ சின்ன வேலைக்கு எடுத்து வைத்திருக்கிறார். தறி நின்றுவிட்டது, ஃபிட்டருக்கு அவசரமாக ஸ்பேனர் வேண்டும். "இதோ முடிச்சுட்டுத் தர்றேண்ணே" என்கிறார் உதவியாள். அதற்குள் கணக்குப்பிள்ளை உதவியாளைக் கூப்பிட்டு வண்டியில் மூட்டை ஏற்றச் சொல்கிறார். ஸ்பேனர் அவர் கையோடே போய்விட்டது. இப்போது கூடத்திலேயே அவசரமான வேலை, மூட்டை ஏற்றி முடிக்கும் வரை நிற்கிறது. ஃபிட்டரை யாரும் தடுக்கவில்லை. ஆனாலும் அவர் நிற்கிறார்.

பாத்ஃபைண்டரிலும் இதேதான். வானிலைத் தகவல் சேகரிக்கும் முன்னுரிமை குறைந்த வேலை, பொதுவான ஒரு வளத்தைப் பிடித்து வைத்திருந்தது. தகவல் பரிமாற்றத்தை நிர்வகிக்கும் மிக முக்கியமான வேலை அதற்காகக் காத்திருந்தது. நடுத்தர முன்னுரிமை கொண்ட வேறு வேலைகள் நடுவே புகுந்தன. முக்கியமான வேலை கெடுவைத் தவறவிட, ஏதோ பெரிய கோளாறு என்று நினைத்து கணினி தன்னைத்தானே ரீசெட் செய்துகொண்டது. இதற்கு 'முன்னுரிமைத் தலைகீழாக்கம்' என்று பெயர்.

தீர்வு ஏற்கெனவே தயாராக இருந்தது. உதவியாள் கையில் ஸ்பேனர் இருக்கும் வரை அவருக்கு ஃபிட்டரின் அந்தஸ்தைக் கொடுத்துவிட வேண்டும். கணக்குப்பிள்ளை கூப்பிட முடியாது. ஸ்பேனரைத் திருப்பிக் கொடுத்ததும் பழைய இடத்துக்கு வந்துவிடுவார். 'முன்னுரிமை வாரிசு முறை' எனப்படும் இந்த யோசனையை விரிவாக ஆராய்ந்து 1990-ல் கட்டுரை வெளியிட்டவர்கள் லூயி ஷா, ரகுநாதன் ராஜ்குமார், ஜான் லெஹோஸ்கி. இவர்களில் ராஜ்குமார் சென்னைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் பட்டம் பெற்று, அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானவர். தானியங்கி கார் ஆய்விலும் முன்னோடி.

பாத்ஃபைண்டரின் மென்பொருளில் அந்த வசதி இருந்தது. ஆனால் அந்த இடத்தில் ஆன் செய்யப்படவில்லை. பூமியில் இருந்த மாதிரிக் கணினியில் கோளாறை மறுபடி வரவழைத்துக் கண்டுபிடித்த பொறியாளர்கள், செவ்வாய்க்குக் கட்டளை அனுப்பி அதை ஆன் செய்தார்கள். பிரச்சினை தீர்ந்தது.

இதில் பதற வைக்கும் விஷயம் ஒன்று உண்டு. ஏவுவதற்கு முன் நடந்த சோதனைகளிலும் இந்தக் கோளாறு எப்போதாவது தலைகாட்டியிருந்தது. திரும்ப வரவழைக்க முடியாததால் பெரிதாக எடுத்துக்கொள்ளப்படவில்லை. நேரம் சார்ந்த கோளாறுகளின் குணமே இதுதான். பத்தாயிரம் முறை நன்றாக ஓடும். பத்தாயிரத்து ஒன்றாவது முறை, வேலைகள் ஒரு குறிப்பிட்ட விதத்தில் ஒன்றின் மேல் ஒன்று விழும்போது மட்டும் வெளியே வரும்.

இப்போது ஏன் இதைப் பேச வேண்டும்?

மூன்று காரணங்கள்.

முதலாவது, எண்ணிக்கை. மத்திய அரசின் கணக்குப்படி 2022-ல் இந்தியச் சாலை விபத்துகளில் 1,68,491 பேர் இறந்தார்கள். அதில் சுமார் 44 சதவீதம் பேர் இரு சக்கர வாகனத்தில் சென்றவர்கள். அதே ஆண்டில் விபத்து எண்ணிக்கையில் முதலிடம் தமிழ்நாட்டுக்கு: 64,105 விபத்துகள், 17,884 மரணங்கள். இவை எல்லாவற்றையும் ஏபிஎஸ் தடுத்துவிடாது. ஹெல்மெட், வேகம், ரோட்டின் தரம் எல்லாம் சேர்ந்த கணக்கு இது. ஆனால் ஏபிஎஸ் எல்லா வண்டிக்கும் வந்தால், பிரேக் கணினிகளின் எண்ணிக்கை கோடிகளில் உயரும். பத்தாயிரத்தில் ஒருமுறை என்பது அப்போது அபூர்வமாக இருக்காது.

இரண்டாவது, விலை நெருக்கடி. ஏபிஎஸ் வைக்க ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக் வேண்டும். மலிவு வண்டிகளில் பலவற்றில் இன்னும் டிரம் பிரேக்தான். எனவே ஒவ்வொரு ரூபாயையும் குறைக்கும் அழுத்தம் தயாரிப்பாளர்களுக்கு வரும். சிப்பைச் சின்னதாக்கலாம், தப்பில்லை. மேலே பார்த்த கணக்குப்படி, வரிசை சரியாக இருந்தால் சின்னச் சிப்பே போதும். ஆனால் அந்த வரிசையைச் சரிபார்க்கும் நேரத்தையும் ஆட்களையும் குறைத்தால் அது ஆபத்து.

மூன்றாவது, வண்டிகளே மாறுகின்றன. இதுவரை பிரேக்குக்கு ஒரு கணினி, இன்ஜினுக்கு ஒன்று, மீட்டருக்கு ஒன்று என்று தனித்தனியாக இருந்தன. இப்போது கார்களில் பல வேலைகளை ஒரே பெரிய கணினிக்குள் கொண்டுவரும் போக்கு வளர்கிறது. மின்சார ஸ்கூட்டர்களில் போனுக்கு வருவது போல மென்பொருள் அப்டேட் வருகிறது. ஒரு கணினியில் புதிதாக ஒரு வேலையைச் சேர்த்தால், பழைய கணக்கு செல்லாது. 60 சதவீதமாக இருந்த பளு 75 ஆகலாம். அதிகபட்ச நேரக் கணக்கை மறுபடி முதலில் இருந்து போட வேண்டும். ஒரே சிப்பில் பல கோர்கள் இருந்தால் சிக்கல் இன்னும் அதிகம். ஒரு கோரில் ஓடும் மேப், நினைவகத்தைப் பயன்படுத்தி இன்னொரு கோரின் வேலையைத் தாமதப்படுத்த முடியும்.

மென்பொருள் உலகமும் இதை நோக்கித்தான் நகர்கிறது. லினக்ஸ் இயங்குதளத்தை ரியல் டைம் வேலைக்குத் தயார்படுத்தும் முயற்சி சுமார் 20 ஆண்டுகள் தனியாக நடந்து வந்தது. 2024 செப்டம்பரில் அது அதிகாரபூர்வ லினக்ஸில் சேர்க்கப்பட்டு, அதே ஆண்டு நவம்பரில் 6.12 பதிப்பாக வெளிவந்தது. அதற்காக உயிர்காக்கும் பிரேக்கை லினக்ஸில் ஓட்டலாம் என்று அர்த்தமில்லை. அதற்கென்றே சின்ன, எளிய, முழுதாகச் சரிபார்க்கக்கூடிய இயங்குதளங்கள் இருக்கின்றன.

சட்டம் எதைச் சரிபார்க்கிறது?

வரைவு அறிவிக்கை சுட்டும் இந்தியத் தர நிர்ணயம் ஐஎஸ் 14664. இது பிரேக்கின் செயல்திறனுக்கானது. வண்டியைச் சோதனைத் தடத்தில் ஓட்டி, பிரேக் பிடித்து அளந்து பார்ப்பார்கள். இது அவசியம். ஆனால் தடத்தில் ஓட்டிப் பார்ப்பதால் பாத்ஃபைண்டர் மாதிரிக் கோளாறு சிக்கும் என்று உறுதி சொல்ல முடியாது.

வாகன மின்னணுக் கருவிகளின் பாதுகாப்புக்கு ஐஎஸ்ஓ 26262 என்ற சர்வதேசத் தரம் இருக்கிறது. 2011-ல் கார்களுக்காக வந்தது. 2018 பதிப்பில் மோட்டார் சைக்கிளுக்கென்றே தனிப் பகுதி சேர்க்கப்பட்டது. மென்பொருளின் நேரக் கட்டுப்பாடுகளையும் ஆதாரத்தோடு சரிபார்க்கச் சொல்லும் தரம் இது. ஏபிஎஸ்ஸைக் கட்டாயமாக்குவது முதல் படி என்றால், அதன் உள்ளே ஓடும் மென்பொருளுக்கும், பின்னால் வரும் ஒவ்வொரு அப்டேட்டுக்கும் இப்படியான ஆதாரத்தைக் கேட்பது அடுத்த படியாக இருக்க வேண்டும்.

வண்டி வாங்குபவர்கள் என்ன கவனிக்கலாம்?

- ஏபிஎஸ் சிங்கிள் சேனலா, டூயல் சேனலா என்று கேளுங்கள். சிங்கிள் என்றால் பொதுவாக முன் சக்கரத்துக்கு மட்டும்தான்.
- சாவி போட்டதும் ஏபிஎஸ் விளக்கு எரியும். வண்டி கொஞ்சம் நகர்ந்ததும் அணைய வேண்டும். அதுதான் கணினியின் சுயபரிசோதனை. அணையாமல் எரிந்துகொண்டே இருந்தால், சாதாரண பிரேக் வேலை செய்யும், ஏபிஎஸ் பாதுகாப்பு இருக்காது. உடனே சர்வீஸுக்கு விடுங்கள்.
- பிரேக் பிடிக்கும்போது லீவர் அதிர்ந்தால் பயந்து விட்டுவிடாதீர்கள். ஏபிஎஸ் வேலை செய்கிறது என்று அர்த்தம்.
- ஜல்லி, மணல் பரவிய ரோட்டில் ஏபிஎஸ் இருந்தாலும் வண்டி நிற்கும் தூரம் கூடலாம். இடைவெளி விட்டு ஓட்டுவதற்கு மாற்று எதுவும் கிடையாது.
- அப்டேட் வந்தால், என்ன மாறுகிறது என்ற குறிப்பைப் படியுங்கள். பிரேக் தொடர்பான மாற்றம் என்றால் ஷோரூமில் விளக்கம் கேளுங்கள்.

வேலை தேடும் இளைஞர்களுக்கு?

சேலத்திலிருந்து தருமபுரி, கிருஷ்ணகிரி வழியாக ஓசூர் போகும் நெடுஞ்சாலையை ஒட்டிய பகுதி, நாட்டின் முக்கியமான இரு சக்கர வாகன உற்பத்தி மண்டலங்களில் ஒன்று. டிவிஎஸ், ஏத்தர் ஆலைகள் ஓசூரில் இருக்கின்றன. ஓலாவின் ஆலை கிருஷ்ணகிரி மாவட்டம் போச்சம்பள்ளி அருகே இருக்கிறது. எம்பெடட் துறை என்றாலே போர்டில் எல்இடி எரிய வைப்பதும் 'சி' மொழியில் புரோகிராம் எழுதுவதும் என்று கல்லூரியோடு நின்றுவிடுபவர்கள் அதிகம். எழுதிய புரோகிராம் அதிகபட்சம் எவ்வளவு நேரம் எடுக்கும், எந்த வேலை எதைத் தடுக்கும், எல்லாம் ஒரே நேரத்தில் வந்தால் என்ன ஆகும் என்று தாளில் கணக்குப் போட்டுக் காட்டத் தெரிந்தவர்களின் தேவை இனி கூடும்.

விதி இறுதி வடிவம் பெறும்போது பேச்சு மறுபடி விலையைச் சுற்றியே போகும். 100 சிசி வண்டியில் சேலைக் கட்டோடு போகிறவருக்கும் விலை முக்கியம்தான். அவர் கூடுதலாகக் கொடுக்கும் பணத்துக்கு, நேரம் தவறாத ஒரு கணினி கிடைக்கிறது என்ற உத்தரவாதத்தை எழுத்தில் கேட்கும் உரிமை அவருக்கு இருக்கிறது. அதைக் கேட்க வேண்டிய இடம் அரசு.